ஏ.பி. உலக வரலாற்றுக்குக் கோடை விடுமுறையில் தயாராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏ.பி. உலக வரலாறு எடுக்கவிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாக வார இறுதிகளில் உதவி வருகிறேன். பள்ளி மூடிய முதல் வாரத்திலேயே அழைப்புகள் தொடங்கிவிடும். பெற்றோர் கேட்பவையும் பிள்ளைகள் கேட்பவையும் ஆண்டுக்கு ஆண்டு அவ்வளவாக மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருப்பதால், முதலிலிருந்து படித்து வருவது நல்லது.

1. ஏ.பி. உலக வரலாறு என்பது என்ன? சாதாரண உலக வரலாற்று வகுப்பைவிட அப்படி என்ன கடினம்?

ஏ.பி. என்பது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்பதன் சுருக்கம். காலேஜ் போர்டு என்னும் அமைப்பு கல்லூரித் தொடக்க நிலைக்கு இணையாக வகுத்துள்ள பாடம் இது. பெரும்பாலான பள்ளிகளில் பத்தாம் வகுப்பிலும் சிலவற்றில் ஒன்பதாம் வகுப்பிலும் எடுக்கிறார்கள். மே மாதம் நடக்கும் தேர்வுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. எந்த மதிப்பெண்ணுக்குக் கல்லூரியில் பாடக் கணக்கு (கிரெடிட்) கிடைக்கும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

பாடத்தின் முழுப் பெயரில் 'மாடர்ன்' என்ற சொல் ஒட்டியிருப்பதைக் கவனிக்க வேண்டும். 2019-20 கல்வியாண்டு முதல் பாடம் ஏறக்குறைய கி.பி. 1200இல் தொடங்கி இன்றைய காலம்வரை வருகிறது. அதற்கு முன் பழங்காலமும் சேர்ந்திருந்தது. அண்ணன் அக்கா விட்டுப்போன பழைய வழிகாட்டியை நம்பி, பாதிக் கோடையை மெசபடோமியாவிலேயே கழித்துவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கடினம் பாடத்தின் அளவைவிடக் கேள்வியின் தன்மையில்தான் இருக்கிறது. மங்கோலியர் பாக்தாதை எந்த ஆண்டு கைப்பற்றினர் என்று சாதாரண வகுப்பில் கேட்டால் 1258 என்று எழுதி முடித்துவிடலாம். இங்கோ, மங்கோலியர் ஆட்சி யூரேசிய வணிகத்தை எந்த அளவுக்கு மாற்றியது என்று கேட்பார்கள். அதற்கு ஒரு நிலைப்பாடு வேண்டும், அதைத் தாங்கும் சான்றுகள் வேண்டும், எதிர்ச்சான்று இருந்தால் அதையும் மதிப்பிடத் தெரிய வேண்டும்.

2. கோடையிலேயே தயாராக வேண்டுமா? பிள்ளை கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே என்று தோன்றுகிறது.

தோன்றுவது சரிதான். இப்பாடத்துக்கு முன்நிபந்தனையாக வேறெந்தப் பாடமும் கிடையாது. கல்லூரி நிலைப் பாடநூலைப் படிக்கவும் பிழையின்றி எழுதவும் முடிந்தால் போதும் என்றே வகுத்தவர்கள் கருதுகிறார்கள். கோடையில் ஒன்றுமே செய்யாமல் வந்து 5 வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

ஆனாலும் வேகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணூறு ஆண்டுகளையும் ஒன்பது அலகுகளையும் ஏறக்குறைய முப்பது வாரங்களில் முடித்தாக வேண்டும். அதிலும் முதல் அலகு சோங் சீனா, அப்பாசியருக்குப் பிந்தைய இஸ்லாமிய அரசுகள், தில்லி சுல்தானகம், விஜயநகரம், கெமர் அரசு, ஆஸ்டெக்குகள், இன்காக்கள், கிரேட் ஜிம்பாப்வே, ஐரோப்பிய நிலமானிய முறை என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அறிமுகப்படுத்துகிறது. பெயர்கள் அனைத்தும் புதியவையாக இருக்கும் பிள்ளை செப்டம்பரிலேயே திணறிவிடும். அந்த முதல் மூச்சுத்திணறலைத் தவிர்ப்பதற்கே கோடைத் தயாரிப்பு. ஓராண்டுப் பாடத்தை முன்கூட்டி முடிப்பதற்கு அன்று.

3. தேர்வு எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

மொத்தம் 3 மணி 15 நிமிடம். முதலில் 55 நிமிடத்தில் 55 பலவுள் தெரிவு வினாக்கள். இவற்றுக்கு 40 விழுக்காடு. ஒவ்வொரு மூன்று நான்கு வினாக்களுக்கும் முன்னால் ஒரு பத்தியோ படமோ வரைபடமோ இருக்கும், அதைப் படித்துத்தான் விடை சொல்ல வேண்டும். அடுத்து எஸ்.ஏ.கியூ. எனப்படும் குறுவிடைகள் மூன்று, 40 நிமிடம், 20 விழுக்காடு. பிறகு டி.பி.கியூ. எனப்படும் ஆவணக் கட்டுரை: ஏழு ஆவணங்களைக் கொடுத்து அவற்றைக் கொண்டு வாதிடச் சொல்வார்கள், படிக்கும் நேரமும் சேர்த்து 60 நிமிடம், 25 விழுக்காடு. கடைசியாக எல்.இ.கியூ. எனப்படும் நெடுங்கட்டுரை: மூன்று தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து ஆவணத் துணையின்றி எழுத வேண்டும், 40 நிமிடம், 15 விழுக்காடு.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. மதிப்பெண்ணில் 60 விழுக்காடு எழுத்துக்குரியது. எஞ்சிய 40 விழுக்காடும் ஒரு மூலத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனைச் சார்ந்தது. ஆக, வெறும் நினைவாற்றலுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை. (அமைப்பில் அவ்வப்போது சிறு மாற்றங்கள் வருவதுண்டு, பள்ளி திறந்ததும் அவ்வாண்டின் அதிகாரபூர்வப் பாட விவரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.)

4. பாடம் 1200இல்தான் தொடங்குகிறது என்றால் அதற்கு முந்தைய வரலாறு தேவையே இல்லையா?

கேள்விகள் நேரடியாக வரமாட்டா. ஆனால் 1200இல் உலகம் எந்த நிலையில் இருந்தது என்று தெரியாமல் முதல் அலகு விளங்காது. சோங் அரசின் அரசுப் பணித் தேர்வு முறையைப் புரிந்துகொள்ளக் கன்பூசியம் தெரிந்திருக்க வேண்டும். பாக்தாதின் வீழ்ச்சி ஏன் பெரிய நிகழ்வு என்று உணர, கலீபா என்ற பதவி எப்படி உருவானது என்று தெரிந்திருக்க வேண்டும். கட்டுரைகளில் 'சூழலமைத்தல்' என்றே ஒரு மதிப்பெண் உண்டு. கேட்ட காலத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று மூன்று நான்கு வரிகளில் விளக்கினால்தான் அது கிடைக்கும்.

ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். இந்து, பௌத்த, யூத, கிறித்தவ, இஸ்லாமியச் சமயங்களும் கன்பூசிய, தாவோயியச் சிந்தனைகளும் எங்கே தோன்றின, எவ்வழியாகப் பரவின என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்வது. ரோம், ஹான், தாங் ஆகிய பேரரசுகள் விட்டுச்சென்றவற்றை இன்னொரு பக்கத்தில். பட்டுப் பாதையையும் கடல் வழிகளையும் ஒரு வரைபடத்தில். தமிழ்ப் பிள்ளைகள் ஆவலோடு தேடும் ராஜேந்திர சோழனின் ஸ்ரீவிஜயப் படையெடுப்பு 1025இல் நிகழ்ந்தது என்பதால் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. சூழலமைத்தலில் மட்டும் அதற்கு இடமுண்டு. ஆனால் சீனத்தின் குவான்சோ துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, குப்ளாய் கானின் ஆட்சியில் தமிழ் வணிகர் அங்கே சிவன் கோயில் வைத்திருந்ததைச் சொல்வது, வணிக வலைப்பின்னல்களைப் பேசும் இரண்டாம் அலகின் நடுவிலேயே வந்து உட்காரும்.

5. எதில் தொடங்குவது? புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்தா?

வரைபடத்திலிருந்து. வெற்று உலகப் படங்கள் பத்து அச்சிட்டுக்கொண்டு, வாரத்துக்கு ஒன்று என நினைவிலிருந்து நிரப்பச் சொல்லுங்கள். இன்றைய நாடுகளின் பெயர்கள் இதற்குப் பெரிதாக உதவா. மலாக்கா, ஹொர்முஸ், பாப் எல் மன்டெப், போஸ்பரஸ் ஆகிய நீரிணைகளும், யாங்சி, வோல்கா, நைல், நைஜர் ஆகிய ஆறுகளும், சஹாரா, தக்லமக்கான் பாலைகளும் முதலில் வரட்டும். அடுத்த வாரங்களில் ஹாங்சோ, கோழிக்கோடு, கில்வா, கெய்ரோ, திம்புக்து, சாமர்கந்து, கான்ஸ்டான்டிநோபிள், வெனிஸ், டெனோச்டிட்லான், கூஸ்கோ, பொட்டோசி.

காற்றையும் வரையச் சொல்லுங்கள் என்பது என் தனிப்பட்ட பிடிவாதம். தென்மேற்குப் பருவக்காற்று கப்பல்களை அரேபியாவிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் இந்தியாவுக்குத் தள்ளும். வடகிழக்குக் காற்று திரும்பக் கொண்டுபோகும். இடையில் காற்று மாறும்வரை வணிகர் துறைமுகத்தில் மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும். தங்கியவர்கள் மணம் புரிந்தார்கள், பள்ளிவாசலும் கோயிலும் கட்டினார்கள், மொழிகளைக் கலந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலி மொழியில் அரபுச் சொற்கள் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு விடை, படத்தில் வரைந்த இரண்டு அம்புக்குறிகளில் இருக்கிறது. இதை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு இந்தியப் பெருங்கடல் வணிகம் பற்றி மனப்பாடம் செய்ய அதிகம் மிஞ்சாது.

6. ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா, வேண்டாமா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

நாள், மாதம் வேண்டாம். ஆனால் நங்கூரம்போல இருபது ஆண்டுகள் மனத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஓர் ஆவணத்தின் கீழே 1793 என்று பார்த்தவுடன் அது பிரெஞ்சுப் புரட்சிக் காலம், ஹைட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து இரண்டாண்டு ஆகிவிட்டது என்று பொறிதட்டாது. என் பட்டியல் இது: 1206 செங்கிஸ்கான், 1258 பாக்தாத், 1324 மாலி அரசர் மன்சா மூசாவின் ஹஜ் பயணம், 1405 சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் முதல் பயணம், 1453 உதுமானியரிடம் கான்ஸ்டான்டிநோபிளின் வீழ்ச்சி, 1492 கொலம்பஸ், 1498 வாஸ்கோ ட காமா, 1545 தென்னமெரிக்காவின் பொட்டோசி வெள்ளி, 1789 பிரான்ஸ், 1804 ஹைட்டி விடுதலை, 1839 அபினிப் போர், 1857 இந்தியக் கிளர்ச்சி, 1868 ஜப்பானின் மெய்ஜி மீட்பு, 1884 பெர்லின் மாநாடு, 1914, 1917, 1945, 1947, 1955 பாண்டுங் மாநாடு, 1991 சோவியத் கலைவு.

இவற்றைவிட முக்கியமானவை பாடத்தைப் பகுக்கும் மூன்று எல்லைகள்: 1450, 1750, 1900. அங்கே ஏன் கோடு போட்டார்கள் என்று பிள்ளையையே வாதிட விடுங்கள். 1450ஐ ஒட்டி வெடிமருந்துப் பேரரசுகளும் (துப்பாக்கி, பீரங்கிகளின் பலத்தில் வளர்ந்த உதுமானிய, முகலாயப் பேரரசுகள் போன்றவை) கடற்பயணங்களும் எழுகின்றன. 1750ஐ ஒட்டித் தொழிற்புரட்சியும் அரசியல் புரட்சிகளும். ஆனால் ஒரு சீன விவசாயியின் வாழ்வில் 1450 எதை மாற்றியது? இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுவதுதான் 'தொடர்ச்சியும் மாற்றமும்' என்னும் சிந்தனை முறை.

7. எந்தப் புத்தகம் வாங்குவது? கடையில் ஐந்தாறு வழிகாட்டிகள் இருக்கின்றன.

ஜூனில் எதையும் வாங்க வேண்டாம். வழிகாட்டி நூல்கள் படித்ததைத் திரும்பப் பார்ப்பதற்காகச் சுருக்கி எழுதப்பட்டவை. முதன்முதலில் படிப்பவருக்கு அவை பெயர்ப் பட்டியலாகவே தெரியும். அவற்றின் காலம் மார்ச், ஏப்ரல்.

காலேஜ் போர்டின் தளத்தில் பாட விவரக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. இருநூறு பக்கங்களுக்கு மேல் இருந்தாலும் கோடைக்குத் தேவையானது ஒவ்வோர் அலகின் தலைப்புப் பட்டியல் மட்டுமே. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நூலகத்திலிருந்து எடுத்த ஏதேனும் ஒரு கல்லூரி உலக வரலாற்றுப் பாடநூலில் முதலிரண்டு அலகுகளுக்குரிய இயல்களைப் படித்தால் போதும். முந்தைய ஆண்டுகளின் கட்டுரை வினாக்களும், மாணவர் எழுதிய மாதிரி விடைகளும், அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பெண் என்ற விளக்கமும் அதே தளத்தில் இருக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் எதிலும் இவ்வளவு பயனுள்ள பொருளை நான் கண்டதில்லை.

8. யூடியூபில் பார்த்தால் போதாதா?

அறிமுகத்துக்கு நல்லது, படிப்புக்குப் போதாது. பன்னிரண்டு நிமிட வீடியோ பார்த்து முடித்தவுடன் எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். நிறுத்திவிட்டு மூன்று வரி எழுதச் சொன்னால்தான் எவ்வளவு நின்றது என்று தெரியும். பாட இயலைப் படிக்கும் முன் ஒன்று, படித்த பின் வேண்டுமானால் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

9. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? ஏதாவது கால அட்டவணை உண்டா?

வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம், எட்டு வாரங்கள். இதற்கு மேல் திட்டமிட்ட வீடுகளில் மூன்றாம் வாரத்தோடு எல்லாம் நின்றுபோனதைத்தான் கண்டிருக்கிறேன்.

முதல் வாரம் 4ஆம் கேள்வியில் சொன்ன முன்கதை. அடுத்த மூன்று வாரங்கள் முதல் இரண்டு அலகுகள், அதாவது 1200 முதல் 1450 வரை. ஐந்தாம் ஆறாம் வாரங்களில் 1450 முதல் 1900 வரையிலான காலத்தைப் பருந்துப் பார்வையாக ஒருமுறை. மூன்று முதல் ஆறு வரையிலான இந்த நான்கு அலகுகளுக்குத் தலா 12 முதல் 15 விழுக்காடு, மற்ற ஐந்துக்கும் தலா 8 முதல் 10 விழுக்காடு என்பதால், தேர்வில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வரக்கூடும். ஏழாம் எட்டாம் வாரங்கள் ஆவணம் படிப்பதற்கும் வாதம் எழுதுவதற்கும். இருபதாம் நூற்றாண்டைக் கோடையில் தொடவே வேண்டாம். அது வரும்போது பிள்ளை ஆறு மாதம் பழகியிருக்கும்.

10. என் மகள் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுக்கிறாள், ஆனால் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறாள். எப்படிக் குறிப்பெடுப்பது?

அவள் எடுப்பது குறிப்பு அன்று, நகல். புத்தகம் திறந்திருக்கும்போது பேனாவைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பகுதியைப் படித்து, மூடி வைத்துவிட்டு, என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதனால் என்ன மாறியது என்று மூன்றே வாக்கியங்கள் எழுதட்டும். எழுத வராதது புரியாதது. திரும்பிப் போய் அந்த இடத்தை மட்டும் படிக்கலாம்.

பிறகு அவ்வாக்கியங்களைப் பாடத்தின் ஆறு கருப்பொருள்களில் எதில் சேரும் என்று வகைப்படுத்தலாம்: மனிதரும் சுற்றுச்சூழலும், பண்பாடு, ஆட்சி, பொருளாதாரம், சமூக அமைப்பு, தொழில்நுட்பம். சோங் சீனத்தில் சம்பா நெல் பரவியதை எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாம் பகுதியிலிருந்து வந்த, விரைவில் விளைந்து வறட்சியையும் தாங்கும் நெல் அது. சுற்றுச்சூழலில் தொடங்கி, மக்கள்தொகை பெருக, நகரங்கள் வளர, வணிகம் தழைக்கப் பொருளாதாரத்துக்குள் போகிறது. ஒரே செய்தி இரண்டு மூன்று பெட்டிகளில் விழுந்தால் மகிழ வேண்டும். கட்டுரையில் பயன்படப்போவது அதுதான்.

11. டி.பி.கியூ. என்றாலே பயமாக இருக்கிறது. கோடையிலேயே எழுதிப் பழகலாமா?

முழுக் கட்டுரை வேண்டாம். ஏழு ஆவணங்களை ஒரே நேரத்தில் எதிர்கொள்ளும் முன், ஓர் ஆவணத்தை ஒழுங்காகப் படிக்கக் கற்பதுதான் கோடைக்குரிய வேலை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் சான்று, இலங்கையின் காலி நகரத்தின் பெயரால் வழங்கும் காலிக் கல்வெட்டு. மிங் அரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த கல் இது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னிலங்கையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை செலுத்துவதாகச் சொல்கின்றன. ஆவணம் என்ன சொல்கிறது என்பது இவ்வளவுதான். பெரும்பாலான பிள்ளைகள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

மதிப்பெண் அடுத்த கேள்விகளில் இருக்கிறது. யார் பேசுகிறார்? ஒரு பேரரசரின் தூதர். யாரிடம்? மூன்று மொழிக்காரர்களிடம் மூன்று விதமாக. ஆகவே அத்தீவின் துறைமுகங்களில் எந்தெந்த வணிகர் செல்வாக்கோடு இருந்தனர் என்பதைச் சீன அரசு அறிந்திருந்தது. ஏன் தமிழ்? ஏன் பாரசீகம்? அன்றைய கடல் வணிகத்தின் புழங்குமொழிகள் எவை என்பதைக் கல்லே காட்டிக்கொடுக்கிறது. எந்தச் சூழலில்? அதே பயணத்தில் செங் ஹேயின் படை இலங்கையின் கோட்டை என்னும் அரசோடு போரிட்டு, அதன் ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனது. பணிவோடு காணிக்கை செலுத்தும் கல்லும் அரசனைக் கட்டி இழுத்துச் செல்லும் கப்பலும் ஒரே கடற்படைக்குரியவை என்று தெரிந்த பிறகு, அந்தக் கல்லை முதலில் படித்ததுபோல் படிக்க முடியாது. இப்படி ஆவணத்தின் பின்னணியையோ நோக்கத்தையோ வாதத்தோடு இணைத்து விளக்குவதற்கென்றே டி.பி.கியூ.வில் ஒரு மதிப்பெண் இருக்கிறது. வாரத்துக்கு ஓர் ஆவணம், அரைப் பக்கம் எழுத்து. கோடை முடிவதற்குள் ஏழெட்டாவது தேறும்.

12. 'தீசிஸ்' எழுதத் தெரியவில்லை என்று ஆசிரியர் எழுதி அனுப்பினார். வீட்டில் எப்படிப் பழக்குவது?

தீசிஸ் என்பது கட்டுரையின் மைய வாதம். அது கேள்வியைத் திருப்பிச் சொல்வதும் அன்று, தலைப்புகளை எண்ணிக் காட்டுவதும் அன்று. 1200 முதல் 1450 வரை இந்தியப் பெருங்கடல் வணிகம் ஏன் விரிவடைந்தது என்று கேட்டால், 'அரசியல், பொருளாதார, பண்பாட்டுக் காரணங்களால் விரிவடைந்தது' என்று எழுதுவார்கள். அந்த வரியை எந்த நாட்டின் எந்தக் காலத்துக்கும் பொருத்திவிடலாம். ஆகவே அது எதையும் சொல்லவில்லை.

இப்படி எழுதினால் வேறு: 'திசைகாட்டியும் பெரிய கப்பல்களும் பயணத்தை எளிதாக்கியபோதும், வணிகம் விரிவடைய முதன்மைக் காரணமாக இருந்தவை துறைமுகங்களில் வேரூன்றிய அயல்நாட்டு வணிகர் குடியிருப்புகளே, ஏனெனில் அறிமுகமற்றவரிடையே கடனும் நம்பிக்கையும் புழங்க அவையே வழிசெய்தன.' இதை மறுத்து ஒருவர் வாதிட முடியும், தொழில்நுட்பமே முதன்மை என்று அவர் சொல்லலாம். மறுக்க இடமிருக்கும் வாக்கியமே தீசிஸ். வீட்டில் பழக்க ஒரே வழி, பிள்ளை சொல்வதை யாராவது மறுத்துப் பேசுவது. அப்பாவுக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை. 'ஏன் அப்படிச் சொல்கிறாய்?' என்று மூன்று முறை கேட்டால் போதும்.

13. கான்ஸ்டான்டிநோபிள் விழுந்ததால்தான் ஐரோப்பியர் கடல்வழி தேடினர் என்று படித்தோம். அப்படியே எழுதலாமா?

பலரும் எழுதுகிறார்கள், நான் எழுதவிடமாட்டேன். 1453க்குப் பிறகும் வெனிஸ் வணிகர் அலெக்சாந்திரியா வழியாக மிளகு வாங்கிக்கொண்டுதான் இருந்தனர். எகிப்து 1517 வரை மம்லூக்குகள் கையில் இருந்தது, உதுமானியர் கையில் இல்லை. போர்த்துக்கீசியரோ 1415இலேயே வட ஆப்பிரிக்காவின் செயூட்டாவைக் கைப்பற்றி, ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே இறங்கத் தொடங்கிவிட்டனர். இடைத்தரகரைத் தவிர்க்கும் ஆசை, ஆப்பிரிக்கப் பொன், சமயப் போர் வேட்கை, கப்பல் கட்டும் நுட்பம் என்று பல இழைகள் சேர்ந்ததில் 1453 ஓர் இழை மட்டுமே.

ஒரு நிகழ்ச்சி இன்னொன்றுக்கு முன்னால் நடந்தது என்பதாலேயே அதற்குக் காரணமாகிவிடாது. கட்டுரைகளில் எட்டாக்கனியாகக் கருதப்படும் 'காம்ப்ளெக்ஸிட்டி' மதிப்பெண்ணை நோக்கிப் போகும் பாதைகளில் இதுவும் ஒன்று: பல காரணங்களை எடைபோட்டு, எது எவ்வளவு என்று சொல்வது.

14. என் மகன் இந்தியாவில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்தவன். அவனுக்குச் சாதகமா, பாதகமா?

இரண்டும். முகலாயர், கிழக்கிந்தியக் கம்பெனி, விடுதலைப் போராட்டம் ஆகியவற்றில் அவன் வகுப்புத் தோழர்களைவிட முன்னால் இருப்பான். ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய இரண்டும் அவனுக்கு ஏறக்குறைய வெற்றிடமாக இருக்கும். கோடையில் மாலி, காங்கோ, இன்கா, ஹைட்டி ஆகியவற்றுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

பெரிய தடை வேறிடத்தில் இருக்கிறது. பாடநூலில் உள்ளதே விடை, அதை நிறைய எழுதினால் நிறைய மதிப்பெண் என்ற பழக்கம் இங்கே உதவாது. தெரிந்ததையெல்லாம் கொட்டிய மூன்று பக்கங்களுக்குச் சான்றுக்கான மதிப்பெண் மட்டும் கிடைத்து, தீசிஸுக்கும் பகுப்பாய்வுக்கும் சுழியம் வருவதைக் கண்டு மனமுடைந்த பிள்ளைகள் உண்டு. அவனுக்கு 12ஆம் கேள்வியே முதல் பாடம்.

15. நம் குடும்பத்தில் தாத்தாவின் தாத்தா தோட்டத் தொழிலுக்குக் கப்பலேறியவர். இதையெல்லாம் தேர்வில் எழுதலாமா?

அந்த வரலாற்றை எழுதலாம். குடும்பக் கதையாக எழுதக் கூடாது. ஆறாம் அலகில் ஒப்பந்தக் கூலிமுறை நேரடியாகவே வருகிறது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டே மொரீசியசுக்கு இந்தியக் கூலிகள் போகத் தொடங்கினர். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் தொழிலாளர் கூட்டத்தைக் கொண்டுசேர்த்தது. இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் இவர்களைவிடப் பல மடங்கு. அவர்களைத் திரட்டியது பெரும்பாலும் கங்காணி முறை.

அடிமைமுறை ஒழிந்த பின்னும் தோட்டப் பொருளாதாரம் தொடர்ந்தது எப்படி என்று ஒரு கேள்வி வந்தால், வகுப்பில் வேறு யாரும் எழுதாத சான்று உங்கள் பிள்ளையிடம் இருக்கும். டி.பி.கியூ.வில் கொடுத்த ஆவணங்களுக்கு வெளியிலிருந்து ஒரு சான்று கொண்டுவந்தால் ஒரு மதிப்பெண். ஆனால் பெயரைச் சொன்னால் மட்டும் கிடைக்காது; அது வாதத்துக்கு எப்படித் துணைசெய்கிறது என்று ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும்.

16. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் இயலைச் சுருக்கித் தரச் சொல்லிப் படிக்கிறான். தடுக்க வேண்டுமா?

8ஆம் கேள்வியில் வீடியோவுக்குச் சொன்னதே இதற்கும். கூடவே ஒரு பயனும் உண்டு: தான் எழுதிய தீசிஸை மறுத்து வாதிடச் சொல்லலாம். வீட்டில் மறுத்துப் பேச ஆளில்லாத பிள்ளைக்கு அது உதவி. அது தரும் ஆண்டுகளையும் மேற்கோள்களையும் மட்டும் பாடநூலோடு ஒப்பிடாமல் நம்பக் கூடாது. சுருக்கும் வேலையையே அதனிடம் விட்டுவிட்டால், தேர்வறையில் ஏழு ஆவணங்களைச் சுருக்கப்போவது யார்?

17. கையெழுத்து மோசம். அதற்குப் பயிற்சி வேண்டுமா?

வேண்டியதில்லை. 2025 முதல் இத்தேர்வு ப்ளூபுக் என்ற செயலியில் கணினியிலேயே நடக்கிறது. தட்டச்சு வேகம் இருந்தால் நல்லது. ஆவணம் படிக்கும்போது மட்டும் பக்கத்தில் வெற்றுத்தாள் வைத்து எழுதிக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டாம்.

18. பள்ளியே கோடை வேலை கொடுத்திருக்கிறது. அதையும் செய்து இதையும் செய்ய முடியுமா?

பள்ளி கொடுத்ததை முதலில் செய்யுங்கள். அது அந்த ஆசிரியர் எதை முக்கியமாகக் கருதுகிறார் என்பதற்கான முதல் துப்பு. பெரும்பாலும் வரைபடமோ முன்கதையோதான் கேட்டிருப்பார்கள் என்பதால் 4, 5 ஆகியவற்றில் சொன்னவை அதிலேயே அடங்கிவிடும். ஆகஸ்டு கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தால் இரண்டும் கெடும்.

19. உண்மையைச் சொன்னால் அவனுக்கு வரலாற்றில் ஆர்வமே இல்லை. நாங்கள்தான் வற்புறுத்திச் சேர்த்தோம். இப்போது என்ன செய்வது?

இரண்டு வாரம் வரைபடமும் ஓர் ஆவணமும் மட்டும் செய்து பாருங்கள். வரலாறு பிடிக்காது என்று சொல்லும் பிள்ளைகளில் பலருக்குப் பிடிக்காதது மனப்பாடம்தான். துப்பறியும் வேலையாக அதைக் காட்டினால் சிலர் திரும்புவார்கள். கணக்கிலும் அறிவியலிலும் நாட்டமுள்ளவனுக்குப் பொட்டோசியின் வெள்ளி மணிலா வழியாகச் சீனத்துக்குப் போய்ச் சேர்ந்த கதையோ, கறுப்புச் சாவு எனப்படும் கொள்ளைநோய் வணிகப் பாதைகளில் பரவிய விதமோ நல்ல நுழைவாயில்.

அப்படியும் முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். பள்ளி திறந்த முதல் வாரங்களில் சாதாரண வகுப்புக்கு மாறப் பல பள்ளிகளில் வாய்ப்பு உண்டு. கடைசி நாள் எது என்று பள்ளிக் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகரிடம்) கோடையிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் பள்ளிகள் பதிவுசெய்வது வழக்கமாக நவம்பர் நடுவில் முடிகிறது. வகுப்பில் இருந்துகொண்டே தேர்வை விட்டுவிட முடியுமா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடலாம். கேட்கும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.